மர்மர் என்று டாக்டர் சொன்னால்: நாய் வளர்ப்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

போன வாரம் மட்டும் நான்கு பேர் ஒரே விஷயத்தைக் கேட்டார்கள். "நாய்க்கு ஹார்ட்டில் சத்தம் வருகிறதாம், மர்மர் என்கிறார்கள், என்ன செய்வது?" அதனால் இந்த முறை அதை மட்டும் எடுத்துக்கொள்வோம். மதுரையைச் சுற்றியுள்ள கால்நடை மருந்தகங்களில் முப்பது வருடம் வேலை பார்த்ததில் தெரிந்ததைச் சொல்கிறேன். உங்கள் நாயின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தவர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

அண்ணாநகரிலிருந்து: டாக்டர் சார், எங்கள் பொமரேனியனுக்கு 9 வயது. தடுப்பூசி போடப் போன இடத்தில் "மர்மர், கிரேடு 3" என்று எழுதிக் கொடுத்தார்கள். நன்றாகச் சாப்பிடுகிறது, மாடிப்படி ஏறுகிறது. இன்னும் எத்தனை நாள் இருக்கும் என்று வீட்டில் அழுகிறார்கள்.

பதில்: முதலில் வீட்டில் அழுகையை நிறுத்தச் சொல்லுங்கள். மர்மர் என்பது நோயின் பெயர் இல்லை, ஒரு சத்தத்தின் பெயர். நல்ல இதயம் 'லப் டப்' என்று துடிக்கும். அந்த இரண்டுக்கும் நடுவில் 'உஸ்ஸ்' என்று ஒரு இரைச்சல் கேட்டால் அதுதான் மர்மர். ரத்தம் நேராக ஓடாமல் எங்கோ சுழன்று ஓடுகிறது என்று அர்த்தம்.

வயதான சின்ன நாய்களில் இதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். இதயத்தின் இடது பக்கத்தில் உள்ள ஈரிதழ் வால்வு தடித்துப்போய் சரியாக மூடாது. கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வை நினைத்துக்கொள்ளுங்கள். வாஷர் தேய்ந்துவிட்டால் மேலே ஏறிய தண்ணீரில் கொஞ்சம் திரும்பக் கிணற்றுக்குள் இறங்கிவிடும். மோட்டார் உடனே நின்றுவிடாது, கூடுதலாக உழைத்துச் சமாளிக்கும். இதயமும் அப்படியே பல வருடம் சமாளிக்கும். மர்மரோடு வாழ்ந்து, கடைசியில் இதயத்துக்குச் சம்பந்தமே இல்லாத வேறு காரணத்தால் போன நாய்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கிரேடு என்பது சத்தத்தின் அளவு, 1 முதல் 6 வரை. 1 என்றால் அமைதியான அறையில் கவனித்துக் கேட்டால்தான் பிடிபடும். 5, 6 என்றால் நெஞ்சில் கை வைத்தாலே, பூனை குறுகுறுப்பது போல அதிர்வு தெரியும். 3 நடுத்தரம். ஆனால் சத்தத்தை வைத்து மட்டும் இதயம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று சொல்ல முடியாது. இதயம் பெரிதாகியிருக்கிறதா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. நெஞ்சு எக்ஸ்ரேயில் இதயத்தை முதுகெலும்புக் கண்ணிகளின் நீளத்தோடு ஒப்பிட்டு அளப்பார்கள். அந்த அளவு பத்தரைக் கண்ணியைத் தாண்டினால் பெரிதாகியிருக்கலாம் என்று கணக்கு. எக்கோ, அதாவது இதயத்துக்கான ஸ்கேன், எடுத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

பெரிதாகவில்லை என்றால் இப்போதைக்கு மாத்திரையே வேண்டாம். வருடத்துக்கு ஒரு முறை, முடிந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும். பெரிதாகிவிட்டிருந்தால், மூச்சுத்திணறல் எதுவும் வரும் முன்பே பிமோபென்டான் என்ற மாத்திரையைத் தொடங்க வேண்டும். 360 நாய்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2016ல் வெளிவந்தது. இந்த நிலையில் மாத்திரையைத் தொடங்கிய நாய்களுக்கு இதயம் செயலிழப்பது சராசரியாக 15 மாதம் தள்ளிப்போனது என்று அதில் தெரிந்தது. நாயின் ஆயுளில் 15 மாதம் சின்ன விஷயம் இல்லை. அதனால்தான் "நன்றாகத்தானே ஓடுகிறது, எக்ஸ்ரே எதற்கு" என்று விட்டுவிட வேண்டாம் என்கிறேன்.

மேலூரிலிருந்து: தூங்கும்போது மூச்சை எண்ணச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் லேப்ரடார் மதியம் எண்ணினால் நிமிடத்துக்கு 60 வருகிறது. ஆபத்தா?

பதில்: மே மாத வெயிலில் மதியம் நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கிற நாயை எண்ணினால் 60 என்ன, 100 கூட வரும். அது உடம்புச் சூட்டை வெளியேற்றுகிற இரைப்பு. அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இரவு பத்து மணிக்கு மேல், சூடு தணிந்து, ஃபேனுக்குக் கீழே அசந்து தூங்கும்போது எண்ணுங்கள். விலா ஏறி இறங்கினால் ஒன்று. போனில் 30 வினாடி வைத்து எண்ணி இரண்டால் பெருக்குங்கள். கனவு கண்டு காலை உதைத்துக்கொண்டிருந்தால் அது முடியும்வரை பொறுங்கள். 30க்குள் இருந்தால் நிம்மதி. பெரும்பாலான நாய்கள் 25க்குக் கீழேதான் இருக்கும்.

ஒரு நாள் எண்ணிக்கையால் பெரிய பயன் இல்லை. ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவையுங்கள். உங்கள் நாய் வழக்கமாக 18 என்றால், ஒரு வாரமாக 26, 27 என்று ஏறுவதே செய்திதான். நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கினால் இருமலுக்கும் களைப்புக்கும் முன்னால் பல நேரம் இந்த எண்தான் ஏறும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வயதான அம்மா தன் நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். "தூங்குறப்பகூட வயிறு அடிச்சுக்கிட்டே இருக்கு தம்பி" என்றார். நான் இருமலுக்கு ஊசி போட்டு அனுப்பிவிட்டேன். இரண்டாம் நாள் நாய் இறந்துவிட்டது. எந்தக் கருவியும் இல்லாமல் அந்த அம்மா சரியாகக் கண்டுபிடித்திருந்தார். நான்தான் காதில் வாங்கவில்லை. அன்றிலிருந்து தூக்கத்தில் மூச்சு எப்படி என்று கேட்காமல் நான் எந்த வயதான நாயையும் அனுப்பியதில்லை.

உசிலம்பட்டியிலிருந்து: ஐயா, வாங்கி வந்த குட்டிக்கு மூன்று மாதம். மர்மர் இருக்கிறது என்கிறார்கள். விற்றவர், வளர்ந்தால் தானாகப் போய்விடும் என்கிறார்.

பதில்: போகவும் செய்யலாம், போகாமலும் இருக்கலாம் தம்பி. குட்டிகளுக்குக் கிரேடு 1, 2 அளவில் மெல்லிய சத்தம் கேட்பது சகஜம். நான்கைந்து மாதத்துக்குள் பெரும்பாலும் மறைந்துவிடும். அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது மறுபடி கேட்கச் சொல்லுங்கள். ஆறு மாதம் ஆகியும் இருந்தால், அல்லது இப்போதே சத்தம் பலமாக இருந்தால், எக்கோ எடுத்தே ஆக வேண்டும்.

குறிப்பாக ஒன்றைக் கவனிக்கச் சொல்வேன். சத்தம் விட்டுவிட்டு வராமல், ஓடுகிற மோட்டார் போல இடைவிடாமல் கேட்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். தாய் வயிற்றில் இருக்கும்போது குட்டிக்கு இதயத்தை ஒட்டி ஒரு சின்ன ரத்தக்குழாய் திறந்திருக்கும். பிறந்த சில நாளில் அது மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் இந்தச் சத்தம் வரும். பொமரேனியன், ஜெர்மன் ஷெப்பர்டு இனங்களில் இது அதிகம், பெண் குட்டிகளில் இன்னும் அதிகம். அறுவை சிகிச்சை செய்து அந்தக் குழாயைக் கட்டிவிட்டால் குட்டி மற்ற நாய்களைப் போலவே முழு ஆயுளும் வாழலாம். தள்ளிப்போட்டால் இதயம் வீங்கிக் கெட்டுவிடும். இதய நோய்களில் முழுதாகக் குணமாக்கக்கூடியவை குறைவு, அதில் இது ஒன்று. "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று நாளைக் கடத்தாதீர்கள். இந்த அறுவை எல்லா ஊரிலும் நடக்காது. 1903ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை சென்னை வேப்பேரியில் இருக்கிறது. நமக்குப் பக்கத்தில் திருநெல்வேலியிலும் கல்லூரி உண்டு. எங்கே போகலாம் என்று உங்கள் டாக்டரிடமே கேட்டுக் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள்.

திருப்பரங்குன்றத்திலிருந்து: தெருவில் அடிபட்டுக் கிடந்த நாட்டு நாயை எடுத்து வளர்க்கிறேன். உடம்பெல்லாம் உண்ணி. சோர்ந்து படுத்தே கிடக்கிறாள். இதயத்திலும் சத்தம் என்கிறார்கள். இதய நோயும் சேர்ந்துவிட்டதா?

பதில்: அவளுடைய உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள் அம்மா. இளஞ்சிவப்பாக இல்லாமல் வெளுத்துக் காகிதம் போல இருந்தால், இதயத்தை விட்டுவிட்டு ரத்தத்தைப் பார்க்க வேண்டும். நம் பக்கத்தில் உண்ணிக் காய்ச்சல் மிக அதிகம். உண்ணி வழியாக உள்ளே போகிற கிருமி ரத்த அணுக்களை அழித்துவிடும். ரத்தம் நீர்த்துப்போனால் வேகமாக ஓடும், அந்த ஓட்டத்திலேயே சத்தம் வரும். வால்வு நன்றாகவே இருக்கும். குட்டிகளுக்குக் கொக்கிப்புழு ரத்தத்தை உறிஞ்சினாலும் இதே கதைதான்.

ரத்தப் பரிசோதனையும், ரத்தத் துளியைக் கண்ணாடியில் தடவிப் பார்க்கிற ஸ்லைடும் எடுத்துச் சிகிச்சை செய்தால், ரத்தம் ஏற ஏறச் சத்தமும் மறைந்துவிடும். உண்ணிக்கு மருந்து போடாமல் காய்ச்சலுக்கு மட்டும் பார்த்தால் மறுபடி வரும். இன்னொன்று, வெங்காயம் போட்ட சாம்பார், குழம்பு எதையும் சோற்றில் பிசைந்து வைக்காதீர்கள். வெங்காயமே நாயின் ரத்த அணுக்களை உடைக்கும்.

திருமங்கலத்திலிருந்து: சிப்பிப்பாறை வைத்திருக்கிறேன், 3 வயது. எக்ஸ்ரேயில் இதயம் பெரிதாக இருக்கிறது, லேசாக மர்மரும் உண்டு என்கிறார்கள். முயல் போல ஓடுகிறான்.

பதில்: ஓட்ட நாய்களுக்கு இயல்பாகவே இதயம் கொஞ்சம் பெரிது. கிரேஹவுண்டு போன்ற இனங்களில் நோய் எதுவும் இல்லாமலே மெல்லிய சத்தம் கேட்பதுண்டு. நம் சிப்பிப்பாறையும் அதே உடல்வாகுதான். ஒரே ஒரு எக்கோ எடுத்துச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். அது முடியும்வரை இதய மாத்திரை எதையும் தொடங்க வேண்டாம்.

செல்லூரிலிருந்து: 11 வயது, மர்மர் உண்டு. ஒரு மாதமாக இருமல். நீர் பிரிகிற மாத்திரை கொடுத்தும் குறையவில்லை.

பதில்: தூக்கத்தில் மூச்சு 20, 22 என்று இருந்தால் இந்த இருமல் நுரையீரல் நீரால் வருவதாக இருக்க வாய்ப்புக் குறைவு. வீங்கிய இதயம் மூச்சுக்குழாயை அழுத்தினாலும் இருமல் வரும். சின்ன நாய்களுக்கு மூச்சுக்குழாயே தளர்ந்து சுருங்குவதும் உண்டு, அப்போது வாத்து கத்துவது போல வறட்டு இருமல் வரும். இரண்டுக்கும் நீர் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனால் சிறுநீரகம்தான் கெடும். எக்ஸ்ரே எடுங்கள். இன்றைக்கே கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு நெஞ்சோடு மாட்டுகிற ஹார்னஸ் வாங்குங்கள்.

வாடிப்பட்டியிலிருந்து: எங்கள் டாபர்மேன் 6 வயது. பந்தை எடுக்க ஓடியவன் அப்படியே சாய்ந்துவிட்டான். அரை நிமிடத்தில் எழுந்து ஒன்றும் நடக்காதது போல நடந்தான். மர்மர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வலிப்பா?

பதில்: உங்கள் கேள்விதான் எனக்குக் கவலை தருகிறது. வலிப்பு வந்த நாய் பெரும்பாலும் கைகால் உதைக்கும், எச்சில் வடியும், எழுந்த பிறகும் கொஞ்ச நேரம் திக்குத் தெரியாமல் சுற்றும். ஓட்டத்தின் நடுவில் துவண்டு விழுந்து உடனே எழுவது மயக்கம் மாதிரி இருக்கிறது. டாபர்மேன், கிரேட் டேன் போன்ற பெரிய நாய்களுக்கு இதயத் தசையே மெலிந்து பலவீனமாகும் நோய் வரும். அதில் பல மாதம் எந்தச் சத்தமும் கேட்காது. துடிப்பு மட்டும் தடம் மாறும். சத்தம் இல்லை என்பதால் இதயம் நலம் என்று முடிவு செய்ய முடியாது. ஈசிஜி, எக்கோ இரண்டும் இந்த வாரமே எடுங்கள். அதுவரை பந்தும் வேண்டாம், ஓட்டமும் வேண்டாம். மறுபடி விழுந்தால் வீட்டில் ஒருவர் வீடியோ எடுங்கள், டாக்டருக்கு அது பெரிய உதவி.

கே.கே. நகரிலிருந்து: மாத்திரை தொடங்கியதிலிருந்து வீடெல்லாம் சிறுநீர். தண்ணீர்ச் சட்டியை இரவில் எடுத்துவிடுகிறேன். சாப்பாட்டிலும் என்ன மாற்ற வேண்டும்?

பதில்: சட்டியை உடனே திரும்ப வையுங்கள். ஃப்யூரோசமைடு என்ற நீர் பிரிகிற மாத்திரை சாப்பிடுகிற நாய்க்குத் தண்ணீரை நிறுத்தினால் சிறுநீரகம் அடிவாங்கும். இரவு மாத்திரையைக் கொஞ்சம் முன்னதாகக் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டு, படுக்கும் முன் ஒரு முறை வெளியே கூட்டிப்போங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தவே வேண்டாம். பிமோபென்டானைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் வெறும் வயிற்றில் கொடுங்கள். மாத்திரை தொடங்கிய ஒன்றிரண்டு வாரத்தில் சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை அவசியம். கால்வலிக்கு என்று மனிதர்களுக்கான வலி மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

கருவாடு, அப்பளம், சிப்ஸ், ஊறுகாய்ச் சோறு எல்லாம் நிறுத்துங்கள். மற்றபடி பத்தியம் என்ற பெயரில் கஞ்சியாகக் கொடுத்து மெலியவிட்டுவிடாதீர்கள். இதய நோய் நாயின் சதையைக் கரைக்கும். முட்டையும் உப்பில்லாமல் வேகவைத்த கோழியும் கொடுங்கள். மத்தி மீன் கிடைத்தால் முள் நீக்கிக் கொடுங்கள், அதன் எண்ணெய் நல்லது.

ஆனையூரிலிருந்து: பல் எல்லாம் அழுகியிருக்கிறது. மர்மர் இருப்பதால் மயக்க மருந்து கொடுக்க முடியாது என்கிறார்கள்.

பதில்: கொடுக்கவே கூடாது என்று இல்லை. இதயம் பெரிதாகாத நாய்க்கு, முன்கூட்டியே பரிசோதித்து, சலைன் அளவைக் குறைத்துக் கவனமாகச் செய்யலாம்.

அண்ணாநகரிலிருந்து மறுபடி: சார், எக்ஸ்ரேயில் இதயம் கொஞ்சம் பெரிது என்றார்கள், மாத்திரை தொடங்கிவிட்டோம். என் பேத்தி தினமும் எண்ணி எழுதுகிறாள். இந்த வாரம் 20, 22, 21, 25, 27. இன்று இரவு 34. நாய் படுத்துத்தான் இருக்கிறது. காலையில் போகட்டுமா?

பதில்: ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எண்ணச் சொல்லுங்கள். அப்போதும் 30க்கு மேல் என்றால் காலை வரை காத்திருக்க வேண்டாம். அதற்கு முன்பே கழுத்தை நீட்டி, முன்னங்கால் முட்டியை அகட்டி உட்கார்ந்து மூச்சு வாங்கினாலோ, ஈறு நீலம் பாய்ந்தாலோ அந்த நிமிடமே கிளம்புங்கள். டூ வீலரில் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு போகாதீர்கள், ஆட்டோ பிடியுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், பக்கவாட்டில் படுக்கவைக்க வேண்டாம், அது எப்படி உட்காருகிறதோ அப்படியே விடுங்கள். போகும் வழியிலேயே போன் செய்து ஆக்சிஜன் தயாராக வைக்கச் சொல்லுங்கள். பேத்தியின் நோட்டையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், டாக்டர் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.