ஊருணியும் ஒரு கணக்கு நோட்டும்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். எங்கள் ஊர் ஊருணி குப்பைமேடாகிவிட்டது. பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் சிலர், "நாங்க சரிபண்றோம் சார்" என்று வந்து நின்றார்கள். பெருமையாக இருந்தது. வாட்ஸ்அப் குழு தொடங்கினேன், மண்வெட்டி, கையுறை வாங்கித் தந்தேன், யார் எங்கே நிற்பது என்று பட்டியல் போட்டேன். முதல் ஞாயிறு பதினான்கு பேர் வந்தார்கள். நான்காவது ஞாயிறு மூன்றே பேர். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நிலைத்து நிற்கத் தெரியவில்லையா, நான்தான் எங்கேயாவது தவறுகிறேனா?
- ஒரு வாசகர், சிவகங்கை மாவட்டம்

பதில்: ஐயா, உங்கள் கேள்வியின் பின்பாதிக்குத்தான் என்னிடம் பதில் இருக்கிறது. தொடங்கினேன், வாங்கித் தந்தேன், பட்டியல் போட்டேன் என்று எல்லாவற்றையும் நீங்களே செய்திருக்கிறீர்கள். பிள்ளைகளுக்கு மிச்சம் வைத்தது வந்து குப்பை அள்ளும் வேலையை மட்டும்தான். அதற்கு நான்கு ஞாயிறு வந்த அந்த மூன்று பேரை நான் கும்பிடுவேன்.

கல்லூரியில் நான் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருந்தேன். ஏழு நாள் முகாமில் ஒரு கிராமத்தில் மரக்கன்று நட்டோம். என்ன மரம், எந்த இடம் என்பதெல்லாம் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. நாங்கள் குழி தோண்டினோம், போட்டோவுக்கு நின்றோம். மறுமாதம் பஸ்ஸில் அந்த வழியாகப் போனபோது பார்த்தால், ஆடுகள் மேய்ந்து முடித்திருந்தன. உண்மையைச் சொன்னால் எனக்கு வருத்தம்கூட வரவில்லை. அது யாரோ வைத்த கன்று.

ரோஜர் ஹார்ட் என்பவர் 1992-ல் யுனிசெஃபுக்காக எழுதியபோது, பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாகக் காட்டினார். அலங்காரத்துக்குப் பிள்ளைகளை நிறுத்துவது போன்ற கீழ் மூன்று படிகளைப் பங்கேற்பாகவே அவர் ஏற்கவில்லை. பிள்ளைகளே தொடங்கித் தாங்களே நடத்துவது ஏழாம் படி. அவர்கள் தொடங்கி, பெரியவர்களோடு சேர்ந்து முடிவெடுப்பது எட்டாம் படி. அதனால் உங்களை ஒதுங்கிக்கொள்ளச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள்.

இரண்டு ஞாயிறு குப்பை அள்ள வேண்டாம். பிள்ளைகளை வரத்துக்கால் வழியே எதிர்த்திசையில் நடக்கச் சொல்லுங்கள். ஊருணிக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, இப்போது எங்கே அடைபட்டிருக்கிறது, குப்பை எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்று அவர்களே பார்க்கட்டும். அந்தத் தண்ணீரைக் குடத்தில் சுமந்த பாட்டிமாரையும் கேட்கட்டும். கரைக் குப்பையை எத்தனை முறை அள்ளினாலும், வரத்து அடைபட்ட ஊருணி மழைக்கு நிரம்பாது. இதை நீங்கள் சொன்னால் அது பாடம். அவர்களே கண்டுபிடித்து வந்தால் வேலைக்கு ஆள் தேட வேண்டியிருக்காது.

சில சமயம் வேறு திட்டத்தோடு வருவார்கள். 'முதலில் கரையில் லைட் போடணும் சார், இருட்டினதும் பாட்டில் உடைக்கிறாங்க' என்பார்கள். சரி என்று சொல்லுங்கள். உங்களைவிட அவர்கள்தான் அந்தப் பக்கம் அதிகம் போகிறவர்கள்.

அடுத்தது பணம். பொதுவாக நாம் பிள்ளைகளுக்கு வேலையைக் கொடுப்போம், பணத்தைக் கொடுக்க மாட்டோம். ஐந்நூறு ரூபாயாக இருந்தாலும் அவர்கள் கையில் இருக்கட்டும். ஒரு நோட்டில் வரவு செலவு எழுதி மாதம் ஒருமுறை எல்லோர் முன்னாலும் வாசிக்கட்டும். ஒரு மண்வெட்டிக்கு நூறு ரூபாய் அதிகம் கொடுத்து ஏமாந்தால் ஏமாறட்டும், குடிமுழுகாது.

உங்களுக்கென்று வேலை இருக்கிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள்தான் கிராம சபை உறுப்பினர்கள். பதினெட்டு ஆகாத பிள்ளைகள் மனுவை எழுதலாம், கையெழுத்து உங்களைப் போன்றவர்கள்தான் போட வேண்டும். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. அங்கே அவர்கள் இரண்டு நிமிடம் பேச முன்கூட்டியே ஊராட்சிச் செயலரிடம் கேட்டு வையுங்கள். சீமைக்கருவேலத்தில் அனுமதியில்லாமல் கைவைக்க விடாதீர்கள். அனுமதி கிடைத்தாலும் மேலாக வெட்டினால் மறுபடி துளிர்க்கும், தூரோடு எடுக்க இயந்திரம்தான் வர வேண்டும். பாம்பு, கண்ணாடிச் சில்லு, ஆழம் தெரியாத சேறு, இவற்றில் மட்டும் கண்டிப்பான வாத்தியாராகவே இருங்கள். தண்ணீரில் யாரும் இறங்கக் கூடாது.

இன்னொன்று, நீங்கள் எழுதாதது. அந்தப் பதினான்கு பேரில் பெண்பிள்ளைகள் எத்தனை? கூட்டம் இரவு ஏழு மணிக்கு என்றால் அவர்கள் வர மாட்டார்கள், வந்தாலும் டீ கொடுக்கும் வேலை அவர்கள் தலையில் விழும். பள்ளி விட்டதும் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு வாரமும் வந்த மூவரிடம் போய், "என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். பதில் வரக் கொஞ்சம் நேரமாகும். அதுவரை வாயைத் திறக்காமல் இருங்கள் ஐயா. முப்பது வருடம் வகுப்பெடுத்தவருக்குக் கஷ்டம்தான்.