பதினொரு பேர் எதற்காகக் கவனிக்க வேண்டும்?

கேள்வி: ஆறேழு வயதுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேருக்குச் சியர்லீடிங் (முழக்கமிட்டும் ஆடியும் விளையாட்டு அணியை உற்சாகப்படுத்தும் கலை) கற்றுத்தருகிறேன். பத்து நிமிடத்தில் கவனம் சிதறிவிடுகிறது. கையில் பிடித்து ஆட்டும் இழைக் குஞ்சமான பாம்பாமைப் பிய்க்கிறார்கள், தரையில் உருளுகிறார்கள். தூக்கி நிறுத்தும் பயிற்சியில் எப்போதும் என் மகள்தான் மேலே நிற்பாள் என்பதால் அதில் மட்டும் தொல்லையில்லை. மற்றவர்களை எப்படி ஊக்கப்படுத்துவது?

பதில்: போகிற போக்கில் உங்கள் மகளைப் பற்றி எழுதிய வரியில்தான் சிக்கலே இருக்கிறது. எடை குறைந்தவள், பயமறியாதவள் என்று காரணம் சொல்வீர்கள். பெற்றோரே பயிற்சியாளராக இருக்கும் இடங்களிலிருந்து இதைப் பலமுறை கேட்டுவிட்டேன்; எடை குறைந்த பிள்ளை தவறாமல் பயிற்சியாளரின் பிள்ளையாகவே அமைந்துவிடுவது எனக்கு இன்னும் வியப்புதான்.

கணக்குப் பாருங்கள். இருவர் தாங்க, ஒருவர் பின்னால் நின்று காக்க, உங்கள் மகள் மேலே நிற்கிறாள். மீதி எட்டுப் பேர் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள். பாம்பாம் இழைகள் உதிர்ந்து கிடப்பது அந்த எட்டுப் பேர் உட்காரும் இடத்தில்தானே? தன் முறை வரவே வராது என்று தெரிந்துகொண்ட பிள்ளை எதைக் கவனிக்கும்? தாங்குகிற பிள்ளைக்கும் ஒருநாள் சலித்துப் பிடி தளர்ந்தால், விழப்போவது உங்கள் மகள்.

1898இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜானி கேம்பெல் என்ற மாணவர் கூட்டத்தின் முன் நின்று முழக்கத்தை வழிநடத்தியதில்தான் சியர்லீடிங் தொடங்கியது என்பார்கள். முழக்கத்தை நடத்தும் அந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். அசைவுக்குத் தாளமாக ஒன்று முதல் எட்டு வரை உரக்க எண்ணும் பொறுப்பைச் சுற்றுக்கு ஒருவரிடம் விடுங்கள். எண்ணுகிற பிள்ளை தரையில் உருளாது. ஒரே அசைவை ஐந்து நிமிடத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். பொதுவாக ‘நன்று’ என்னாமல், பெயர் சொல்லி, ‘இன்று முழங்கை மடங்கவில்லை’ என்று பாராட்டுங்கள். மேலே நிற்பதற்கும் முறை வையுங்கள்: தொடைமேல் ஏறி நிற்கும் எளிய நிலையோடு நிறுத்திக்கொண்டு, கீழே மெத்தை விரித்து, பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் நின்றால், விரும்புகிற எல்லாரும் நிற்கலாம்.

பெற்ற பிள்ளை உயர வேண்டும் என்று நினைப்பது குற்றமில்லை. ஆனால் விசிலைக் கழுத்தில் மாட்டியிருக்கும் நேரத்தில் பன்னிரண்டு பேருமே உங்கள் பிள்ளைகள். பிறர் நம்பி ஒப்படைத்த பிள்ளையை உங்கள் பிள்ளைக்கு ஏணியாக்கும் உரிமை உங்களுக்கில்லை.

அடுத்த வகுப்பில் உங்கள் மகள் கீழே நின்று வேறொரு பிள்ளையைத் தாங்கட்டும். அழுவாள். வீட்டுக்குப் போய் மடியில் வைத்துச் சமாதானம் சொல்லுங்கள். வகுப்பில் எண்ணிக்கையை நிறுத்தாதீர்கள்.