பல மரம் கண்ட தச்சனா நான்?

அன்புள்ள ஆலோசகருக்கு,

வயது 38. திண்டுக்கல் பக்கம். பிழைப்பு கல்யாண போட்டோகிராபி. சிறுவர்களுக்கு இரண்டு படக்கதைப் புத்தகம் எழுதியிருக்கிறேன். சனி, ஞாயிறு மாலையில் தெருப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். மெட்டும் நானே போடுவேன். மூன்றையும் சேர்த்து, நான் எடுத்த படங்களோடு ஒரு பாட்டுக்கதைப் புத்தகம் செய்யத் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. 1,400 சொல்லில் கதை, ஒன்பது பாட்டு, நானூறு படம். எல்லாம் அப்படியே கிடக்கின்றன. ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். "நீளம் அதிகம், எந்த வயதுக்கு என்று தெரியவில்லை" என்று திருப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து கல்யாண வீட்டில் கேமராவைத் தூக்கினாலும் 'நமக்கு இதுவும் வராது' என்றே தோன்றுகிறது. ஆல்பம் தள்ளிப்போகிறது, பார்ட்டிகள் போனில் சத்தம் போடுகிறார்கள். ஒரு மாதமாக விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. அப்பா, "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்கிறார். இரண்டை விட்டுவிட்டு ஒன்றைப் பிடிப்பதுதான் சரியா? எதை விடுவது?

— பெயர் வேண்டாம்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் தூக்கம். விடியற்காலை விழிப்பும், எதிலும் 'வராது' என்ற நினைப்பும் இரண்டு வாரத்தைத் தாண்டினாலே ஒரு மனநல மருத்துவரைப் பார்ப்பது நல்லது. உங்களுக்கு ஒரு மாதமாகிவிட்டது. இந்த வாரமே போய்விடுங்கள். அதற்குமுன் யாரிடமாவது பேசவேண்டும் போலிருந்தால் அரசின் மனநல உதவி எண் டெலி மனஸ் 14416, கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம்.

எதை விடுவது என்பதை இப்போது முடிவு செய்யாதீர்கள். தூங்காத மனது எல்லாவற்றையும் விடத்தான் சொல்லும். உங்கள் கடிதத்திலேயே ஒரு முடிச்சு இருக்கிறது, கவனித்தீர்களா? பதிப்பகம் சொன்னது நீளம், வயது என்ற இரண்டு குறைகள். கேமராவைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு வேலைக்கு வந்த தீர்ப்பை மற்ற இரண்டின் தலையிலும் நீங்களே ஏற்றிவிட்டீர்கள். ஒரு தாளில் மூன்று பத்தி போட்டு, வரும் குறைகளை அந்தந்தப் பத்தியில் மட்டும், சொன்னவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். 'நான் லாயக்கில்லை' என்ற வரிக்கு எந்தப் பத்தியிலும் இடமில்லை.

அடுத்தது காலம். மூன்றையும் ஒரே நாளில் செய்யப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு வேலையை அரைகுறையாக விட்டு இன்னொன்றுக்குப் போனால் கவனத்தில் ஒரு பகுதி பழையதிலேயே தங்கிவிடும் என்பதை சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் ஆய்வாக வெளியிட்டார். எங்கே நிறுத்தினோம், திரும்ப வந்ததும் முதலில் என்ன செய்வது என்று எழுதிவைத்துவிட்டுப் போனால் அந்த ஒட்டுதல் குறையும் என்பதும் அவருடைய பிந்தைய ஆய்வில் தெரிந்தது. ஒரு வரி போதும்: 'முகூர்த்தம் வரை பொறுக்கியாச்சு, அடுத்து பந்தி.'

உங்கள் தொழிலுக்கு நாள்காட்டியே வழிவிட்டிருக்கிறது. ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றிலும் முகூர்த்தம் அரிது. வருமானமில்லாத மாதங்கள் என்று நீங்கள் பயப்படுவதும் இவற்றைத்தான். இவற்றைப் புத்தகத்துக்கு ஒதுக்குங்கள். ஆனால் ஆனி மாதக் கல்யாணங்களின் ஆல்பம் ஆடியில் வந்து உட்காரும். அதனால் முதல் பத்து நாள் ஆல்பத்துக்கு, பதினொன்றாம் தேதியிலிருந்து காலை மூன்று மணி நேரம் புத்தகத்துக்கு. முகூர்த்த மாதங்களில் புத்தகத்தைத் தொடவே வேண்டாம். பாட்டு வகுப்பு வார இறுதியில் இப்போது போலவே நடக்கட்டும், அதை ஏன் கெடுப்பானேன்?

கல்யாண வேலையையும் விடாதீர்கள். பெரிய பெயர்களைக் காட்டி ஆறுதல் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனாலும் ஒரு விவரம் உங்களுக்கு உதவும். திரைப்பட இயக்குநர் சத்யஜித் ராய் சிறுவர் கதை எழுதினார், ஓவியம் வரைந்தார், 1961 முதல் தன் திரைப்படங்களுக்குத் தானே இசையமைத்தார். அவரும் 1943இல் சேர்ந்த விளம்பர நிறுவன வேலையை, முதல் படம் 1955இல் வெளிவரும் வரை விடவில்லை.

இனி புத்தகம். ஆறு ஏ4 தாளை நடுவில் மடித்துச் செருகினால் 24 பக்கம். அதுதான் உங்கள் டம்மி, அதாவது மாதிரிப் புத்தகம். முதல் பக்கம் தலைப்பு, இரண்டாவது பதிப்புரிமை விவரம், மூன்றிலிருந்து கதை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு விரிபக்கத்துக்கு (எதிரெதிர் இரண்டு பக்கம்) நாற்பது சொல்லே தாராளம், ஆக மொத்தம் நானூற்றைம்பதுக்குள். உங்கள் 1,400இல் பெரும்பகுதி, படம் ஏற்கெனவே சொல்வதைத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும். 'சிவப்புச் சட்டை போட்ட குட்டி' என்று எழுதி, பக்கத்தில் சிவப்புச் சட்டைப் படத்தையும் வைத்திருப்பீர்கள். அதை முதலில் அடியுங்கள். ஒன்பது பாட்டில் இரண்டு போதும். ஐந்தாறு சுரத்துக்குள் அடங்கும் மெட்டையே வையுங்கள். பெரியவர் ஸ்ருதியில் போட்ட மெட்டு மேலே போனால் பிள்ளைகள் கத்துவார்கள், கீழே போனால் முணுமுணுப்பார்கள். சனிக்கிழமைக் கூட்டத்தில் கதையை வாசித்துப் பாருங்கள். எந்தப் பக்கத்தில் பார்வை வாசல் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்தில் ஒரு புள்ளி. நல்லாயிருக்கா என்று மட்டும் கேட்காதீர்கள். அண்ணனுக்காக ஆமா என்பார்கள்.

கல்யாண ஆல்பக்காரருக்கு இயல்பாக வரும் ஒரு தவறு உண்டு. உங்கள் ஆல்பம் தட்டையாக விரியும், அதனால் முகத்தை நடுவில் வைத்துப் பழகியிருப்பீர்கள். முதுகில் பசை போட்டு ஒட்டிய புத்தகம் அப்படி விரியாது. நடுவில் வைத்த முகத்தின் மூக்கு மடிப்புக்குள் போய்விடும். முகம் மடிப்பிலிருந்து இரண்டு செ.மீ. தள்ளியிருக்கட்டும், வெட்டுக்கு நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதல் படம் விடுங்கள். திரையில் மின்னும் பச்சையும் நீலமும் நான்கு வண்ண அச்சில் மங்கும், அதனால் ஒரு பக்கமாவது சோதனை அச்சு பாருங்கள்.

அந்த நானூறில் கல்யாண வீட்டில் எடுத்த குழந்தைப் படம் ஏதாவது இருந்தால் எடுத்துவிடுங்கள். காசு கொடுத்து எடுக்கச்சொன்ன படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், 1957 பதிப்புரிமைச் சட்டப்படி எடுக்கச்சொன்னவருடையது. மற்றப் பிள்ளைகளுக்கும் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வாங்குங்கள். நாளை பதிப்பகம் ஒப்பந்தம் அனுப்பினால் கதை, படம், பாட்டு மூன்றையும் தனித்தனி வரியாகக் கேளுங்கள். எல்லா உரிமையும் என்ற ஒரே வரியில் மெட்டும் போய்விடும். உரிமை எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் சட்டம் ஐந்து ஆண்டு என்றே கொள்ளும். எனவே 'நிரந்தரம்' என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

அப்பாவிடம் வாதாட வேண்டாம். அவர் பழமொழியில் தச்சன் இன்னும் மரம் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறான், உளியை எடுக்கவில்லை. மடித்த ஆறு தாளை அவர் கையில் கொடுத்து, பேரப்பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லுங்கள். அவர் எந்தப் பக்கத்தில் தடுமாறுகிறார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.