லிக்விட் ஃபவுண்டேஷன் பிரஷ்: கேளுங்கள், சொல்கிறேன்

அக்கா, முதல் தடவையாக ஃபவுண்டேஷன் பிரஷ் வாங்கப் போகிறேன். இயற்கை முடி பிரஷ் விலை கூடுதல். அப்போ அதுதான் நல்லதா?

பவுடருக்கு நல்லது, லிக்விடுக்கு வேண்டாம். ஆட்டு முடி, அணில் முடி எல்லாவற்றிலும் நம் தலைமுடியில் இருப்பது போலவே நுண்ணிய செதில்கள் உண்டு. பவுடர் அதில் நன்றாகப் பிடித்து நிற்கும், ஆனால் திரவம் என்றால் முடி குடித்துவிடும், நீங்கள் எடுத்ததில் ஒரு பங்கு பிரஷுக்குள்ளேயே போய்விடும், கழுவிக் காயவைப்பதும் பெரும்பாடு. நைலான், டாக்லான் மாதிரி செயற்கை இழை வழுவழுப்பானது, அவ்வளவாக உறிஞ்சாது. லிக்விடுக்கு கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்குங்கள்.

என்னிடம் இருப்பது பெயின்ட் பிரஷ் மாதிரி தட்டையானது. போட்டால் முகமெல்லாம் கோடு கோடாகத் தெரிகிறது.

தட்டை பிரஷ் ஃபவுண்டேஷனைப் பரப்பத்தான் சரி, தோலோடு கலக்க அது போதாது. உச்சி சமமாக, முடி நெருக்கமாக இருக்கும் வட்டப் பிரஷ் ஒன்று வாங்குங்கள், கபுக்கி என்றோ பஃபிங் பிரஷ் என்றோ கேட்டால் எடுத்துத் தருவார்கள். மெல்லிசாகப் போதும் என்பவர்களுக்கு இரண்டு நீளத்தில் இழை உள்ள ஸ்டிப்ளிங் பிரஷ். ஆனால் பிரஷை மாற்றினால் மட்டும் கோடு போகாது, பல பேர் முகத்தில் நான் பார்ப்பது அளவு அதிகமாகிப் போவதுதான். புறங்கையில் ஒரு சொட்டு விட்டு, பிரஷின் நுனி மட்டும் அதைத் தொடட்டும். கன்னத்தில் முதலில் தட்டித் தட்டி வையுங்கள், அப்புறம் சின்னச் சின்ன வட்டமாகச் சுழற்றி, மூக்குப் பக்கத்திலிருந்து காதை நோக்கி வெளியே கொண்டுபோங்கள். அழுத்தவே கூடாது. அழுத்தினால் போட்டதை நீங்களே துடைத்து எடுத்துவிடுவீர்கள். போதவில்லை என்றால் இன்னொரு சொட்டு, அவ்வளவுதான்.

கடையில் எதைப் பார்த்து வாங்குவது?

புறங்கையில் அழுத்திச் சுழற்றிப் பாருங்கள். குத்தினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அழுத்தி விட்டதும் முடி பழைய வடிவத்துக்குத் திரும்ப வேண்டும். முடியை லேசாக இழுத்தால் ஒன்றிரண்டு வரலாம், கொத்தாக வரக் கூடாது. கைப்பிடியையும் முடியையும் சேர்க்கும் உலோகப் பட்டையை இரண்டு விரலால் பிடித்து அசைத்துப் பாருங்கள், ஆடினால் பசை சரியில்லை.

எத்தனை நாளுக்கு ஒரு தடவை கழுவ வேண்டும்? எனக்குப் பரு வேறு வருகிறது.

அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகம் 7 முதல் 10 நாளுக்கு ஒரு முறை கழுவச் சொல்கிறது. தினமும் ஃபவுண்டேஷன் போடுகிறவர், அதுவும் பரு வருகிறவர் என்றால் வாரம் ஒன்றைத் தாண்ட விடாதீர்கள், ஏனென்றால் ஈரமும் எண்ணெயும் இறந்த தோலும் கிருமிக்குச் சாப்பாடு. உங்கள் பிரஷை யாருக்கும் தராதீர்கள், தங்கையாக இருந்தாலும். பரு குறையவில்லை என்றால் தோல் மருத்துவரைப் பாருங்கள், பிரஷ் மட்டுமே காரணமாக இருக்காது.

கழுவினாலும் நடுவில் பிசுபிசுப்பு போகவே இல்லை.

நீண்ட நேரம் நிற்கும் ஃபவுண்டேஷன் வெறும் ஷாம்பூவுக்கு லேசில் இறங்காது. காய்ந்த பிரஷின் நுனியில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு உள்ளங்கையில் சுழற்றுங்கள், உள்ளே ஒளிந்திருந்த நிறமெல்லாம் கரைந்து கையில் வரும். அதைத் துணியில் துடைத்துவிட்டு, மிதமான வெந்நீரில் பிரஷைத் தலைகீழாகப் பிடித்து முடியை மட்டும் நனைத்து, குழந்தைகள் ஷாம்பூ ஒரு சொட்டு போட்டு மறுபடி சுழற்றுங்கள். நெருக்கமான பிரஷ் என்றால் கட்டைவிரலால் நடு முடியைப் பிரித்துப் பார்க்க வேண்டும், அழுக்கு தங்குவதே அங்கேதான். பிழியும் தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுங்கள்.

கொதிக்கும் நீரில் போட்டால் கிருமி சாகும் என்கிறார்களே?

கூடவே பசையும் இளகிவிடும். வேண்டாம்.

கழுவி டம்ளரில் நிறுத்தி வைத்தேன். இரண்டு வாரத்தில் முடி கொட்டுகிறது, ஒரு மாதிரி வாடையும் வருகிறது.

நிறுத்தி வைத்ததுதான் வினை. தண்ணீர் முடி வழியே இறங்கி உலோகப் பட்டைக்குள் தேங்கிவிட்டது, பசை ஊறிக் கழன்றிருக்கும், உள்ளே பூஞ்சை பிடித்திருக்கும். நானும் ஆரம்பத்தில் இப்படித்தான் ஒரு நல்ல பிரஷை இழந்தேன், அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. இனிமேல் துண்டில் ஒற்றி, விரலால் வடிவம் சேர்த்து, முடி மட்டும் மேசை விளிம்புக்கு வெளியே நீட்டியிருக்கிற மாதிரி படுக்க வையுங்கள், அடியிலும் காற்று போகட்டும். ஹேர் டிரையர் வேண்டாம். ராத்திரி கழுவினாலும் நெருக்கமான பிரஷ் காலையில் நடுவில் ஈரமாகவே இருக்கும், அதனால் இரண்டு பிரஷ் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். வாடை வருகிற அந்தப் பிரஷை மட்டும் மறுபடி கழுவிப் பார்க்கலாம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள், இன்றைக்கே தூக்கிப் போட்டுவிடுங்கள்.