ராத்திரி 3 மணிக்கு விடிகிற வீடு

கேள்வி: மகளுக்கு 7 வயது. சந்தோஷம் வந்தால் தன்னையே இறுக்கிக் கட்டிக்கொண்டு உடம்பை முறுக்குவாள். விரலை நக்கி நக்கிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருப்பாள். ராத்திரி 3 மணிக்கே எழுந்துவிடுகிறாள், பகலில் தூங்கி விழுகிறாள், ஒரே அடம். நகத்தைப் பிய்க்கிறாள். ஸ்மித்-மஜெனிஸ் சிண்ட்ரோம் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. நான் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டதாக மாமியார் சொல்கிறார்.
- ஒரு அம்மா, திண்டுக்கல்

பதில்: மாமியாரிடமிருந்தே ஆரம்பிக்கலாம். 17-வது குரோமோசோமில் ஒரு சின்னத் துண்டு, ஆர்ஏஐ1 என்ற மரபணுவோடு சேர்ந்து விடுபட்டுப்போவதால்தான் பெரும்பாலும் இந்த சிண்ட்ரோம் வருகிறது. அநேகமாக எல்லாருக்கும் அது தற்செயலாக நடப்பதுதான், அம்மா வழியா அப்பா வழியா என்று பஞ்சாயத்து வைக்க ஒன்றுமில்லை. செல்லத்துக்கும் குரோமோசோமுக்கும் என்ன சம்பந்தம்?

அந்தக் கட்டிப்பிடிப்பும் பக்கம் புரட்டலும் இந்தக் குழந்தைகளிடம் அச்சு எடுத்த மாதிரி இருக்கும். அவள் சந்தோஷப்படுகிற விதம் அது, தடுக்காதீர்கள்.

சிக்கல் தூக்கத்தில்தான். நமக்கு இருட்டியதும் ஊறுகிற, தூக்கத்தை வரவழைக்கிற மெலடோனின் என்ற ஹார்மோன் இவர்களில் பெரும்பாலோருக்குப் பகலில் ஊறுகிறது, அதனால் காலை 11 மணிக்கு அவளை வகுப்பில் உட்காரவைப்பது நம்மை நடுராத்திரியில் எழுப்பிக் கணக்குப் போடச் சொல்வது மாதிரி, அடம் பிடிக்காமல் என்ன செய்வாள்! மாலையில் மெலடோனின், சிலருக்குப் பகலில் அது ஊறுவதை அடக்கக் காலையில் பீட்டா பிளாக்கர் மாத்திரை (ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற வகை) என்று மருத்துவர்கள் கொடுத்துப் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் 2020-ல் டாசிமெல்டியான் என்ற மருந்துக்கு இந்தத் தூக்கக் கோளாறுக்காகவே அனுமதி கிடைத்தது. எதையும் நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், ஆஸ்துமா இருக்கிற குழந்தைக்கு பீட்டா பிளாக்கர் ஆபத்து. மருத்துவரைப் பார்த்துத் தூக்கம் சரியாகும்வரை ராத்திரி சிலிண்டரை மூடிவிட்டு, வாசல் தாழ்ப்பாளை அவளுக்கு எட்டாத உயரத்தில் போடுங்கள்.

அப்புறம் நகம். வலி இவர்களுக்குக் குறைவாகத்தான் உறைக்கும், அடிபட்டாலும் அழாமல் இருந்துவிடுவாள். தினமும் குளிப்பாட்டும்போது விரல்களைப் பாருங்கள், காது மூக்கையும் பாருங்கள் (எதையாவது திணித்துக்கொள்ளும் பழக்கம் உண்டு). வெந்நீரின் சூட்டை நீங்களே தொட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். காது கேட்கும் திறனையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்.

அடம் பிடிக்கும்போது நீண்ட வசவு வேண்டாம். பெரியவர்களின் கவனத்துக்கு ஏங்குகிற குழந்தை இது, திட்டுகூட அவளுக்குக் கவனம்தான். சமர்த்தாக இருக்கிற நேரத்தில் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். வெளியே போவதென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், திடீர் மாற்றம் ஆகாது.

நீங்கள் எப்போது தூங்குகிறீர்கள் என்று கடிதத்தில் எழுதவேயில்லை. அந்த 3 மணி டியூட்டியை வாரத்தில் இரண்டு நாள் வீட்டுக்காரர் பார்க்கட்டும், ஒரு நாள் மாமியாரும் பார்க்கட்டுமே.