சிக்கனமா, கஞ்சத்தனமா?

சகோதரி, விசுவாசத்தோடு எளிமையாக வாழத்தான் எல்லாச் செலவையும் குறைத்தீர்கள், ஆனால் இப்போது வீட்டில் எல்லோரும் உங்களைக் கஞ்சம் என்கிறார்கள், இது பாவமா என்று கேட்டிருந்தீர்கள். சிக்கனம் பாவமே இல்லை. ஐயாயிரம் பேர் சாப்பிட்டு முடித்த பிறகும் மீந்த துணிக்கைகளை வீணாக்காமல் சேர்க்கச் சொன்னவர் இயேசு, 12 கூடை நிறைந்தது. அதே சமயம், வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தேவன் அன்றாடம் கொடுத்த மன்னா என்ற உணவை மறுநாளுக்கென்று பதுக்கியபோது அது புழுத்து நாறியதையும் வேதாகமத்தில் யாத்திராகமம் 16-இல் படிக்கிறோம், இல்லையா?

மிச்சமான பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். மெதடிஸ்ட் சபை இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, வருடத்துக்கு 30 பவுண்டு வந்தபோது 28-இல் வாழ்ந்து 2 பவுண்டைக் கொடுத்தார். வருமானம் 60 ஆனபோதும் அதே 28-இல் வாழ்ந்து 32-ஐக் கொடுத்தார்.

நானும் இதில் தவறியிருக்கிறேன். சேமிப்புக் கணக்கை நோட்டில் எழுதி எழுதி மகிழ்ந்துகொண்டிருந்த நாட்களில், என் மனைவி உடைந்த மூக்குக்கண்ணாடியின் காலை நூலால் கட்டிப் போட்டுக்கொண்டிருந்தார், எனக்கு அது கண்ணிலேயே படவில்லை. ஒருநாள் அதைக் கவனித்தேன், அன்றைக்குத்தான் நோட்டில் 'கொடுத்தது' என்று ஒரு பத்தி போட்டேன், அதை மாதத் தொடக்கத்திலேயே நிரப்புகிறோம், மிச்சத்தை வைத்துத்தான் குடும்பம்.

அப்புறம், உங்கள் மீது மட்டும் கறாராக இருங்கள், பிள்ளைகள் மீது திணிக்காதீர்கள். 'போதுமென்கிற மனது' என்று பவுல் சொன்னது பிள்ளைகளுக்குத் தண்டனையாகத் தெரியக்கூடாது. இன்று இரவே அவர்களையும் உட்காரவைத்து, இந்த மாதம் யாருக்குக் கொடுக்கலாம் என்று கேட்டுப் பாருங்கள்.