‘பிக் யூ’வா, ‘பிக் யூ அப்’பா?

“ஐ வில் பிக் யூ அட் ஹட்டன் ஸ்டேஷன்” என்று ஆங்கிலத்தில் எழுதியதற்கு ஏன் புள்ளி போனது என்று கேட்டிருந்தீர்கள். ‘அப்’ விட்டுப்போனதுதான் பிழை. நீங்கள் எழுதியதற்கு, ஸ்டேஷனில் உங்களைத் தெரிவு செய்வேன் என்ற பொருள்தான் வரும். வந்து ஏற்றிக்கொள்வேன் என்றால் “ஐ வில் பிக் யூ அப்”.

காரணம் அநேகமாக நம் பேச்சுதான். “ஸ்டேஷன்ல நில்லுங்க, பிக் பண்ணிக்கிறேன்” என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம்.

எழுதும்போது அந்த இடத்தில் ‘பறி’ அல்லது ‘தெரிவு செய்’ என்று வைத்துப் பாருங்கள். பொருந்தினால் வெறும் ‘பிக்’ போதும். ‘ஏற்றிக்கொள்’, ‘கீழே கிடப்பதை எடு’ என்று வந்தால் ‘அப்’ கட்டாயம் வேண்டும். போனை எடுப்பதற்கும் அப்படித்தான்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: யூ, ஹிம், இட் போன்றவை நடுவில்தான் வரும். ‘பிக் அப் யூ’ என்று எழுதினால் அதற்கும் புள்ளி போகும்.

அப்புறம், உங்கள் அம்மா தேயிலைக் கொழுந்து பறிப்பதை எப்படி எழுதுவது என்றும் கேட்டிருந்தீர்கள். ‘பிக்ஸ் டீ’ பிழையில்லை. ஆனால் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளி எடுக்கும் அந்த வேலைக்கு இலங்கைத் தோட்டங்களில் வழங்கும் ஆங்கிலச் சொல் ‘பிளக்’. நான் ‘பிளக்ஸ் டீ’ என்றே எழுதச் சொல்வேன், அதுதான் அம்மாவின் தொழிலுக்குரிய சொல்.